ஆங் மூன்று முறை கண்விழித்தான்

கேள்வி: பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்த கார்ட்டூன் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. அதை என் ஒன்பது வயது மகளுக்குக் காட்ட ஆசை. அவளோ நிஜ மனிதர்கள் நடித்த புதிய தொடர்தான் வேண்டும் என்கிறாள். இடையில் ஒரு திரைப்படமும் வந்தது. மூன்றில் எது தேறும்? புதியவை உண்மையிலேயே மோசமா, இல்லை நமக்குத்தான் பழையதின் மேல் பாசமா?

பாசமும் ஒரு காரணம்தான். இந்தக் கார்ட்டூனை முழுதாக நான்கு முறை பார்த்தவன் நான். அனிமேஷன் வகுப்பில் இதன் சண்டைக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திக் காட்டிப் பாடம் நடத்துகிறவன். நடுநிலையாளன் என்று சொல்லிக்கொண்டால் என் மாணவர்களே சிரிப்பார்கள். ஆனாலும் பாசத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், 2010இல் வந்த திரைப்படம் தேறாது, 2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் பாதி தேறும், 2005இல் தொடங்கிய கார்ட்டூன் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு நாடுகள். நம் ஐம்பூதக் கணக்கில் ஆகாயம் மட்டும் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் சிலருக்குத் தங்கள் பூதத்தை உடலசைவால் ஆட்டிவைக்கத் தெரியும். நான்கையும் ஆளக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், அவரே அவதார். ஒருவர் இறந்தால் அடுத்த நாட்டில் மறுபிறவி. அந்த வரிசையில் வந்த ஆங் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பனிப்பாறைக்குள் நூறாண்டு உறைந்து கிடந்து எழுந்து பார்த்தால், நெருப்பு நாடு அவனுடைய காற்று இனத்தையே அழித்துவிட்டு மற்றவர்கள் மேல் படையெடுத்துக்கொண்டிருக்கிறது. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. நிக்கலோடியன் சேனலில் 2005 பிப்ரவரியிலிருந்து 2008 ஜூலை வரை மூன்று சீசன், 61 எபிசோடுகள் ஓடியது. ஆங் ஏறிப் பறக்கும் ஆறுகால் காட்டெருமையின் பெயர் அப்பா. பையன் "அப்பா!" என்று கூவியதும் எருமை வந்து நிற்பதைப் பார்த்து உங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிக்கப்போவது உறுதி. நிலத்தை ஆளும் கிழட்டு அரசன் ஒருவனுக்குப் பெயர் பூமி. நெருப்பு நாட்டு மானப் போரின் பெயர் அக்னி கை. நமக்கு இதெல்லாம் தனி வேடிக்கை.

புதியவற்றுக்குப் போகுமுன், பழையதிலேயே இருக்கும் ஒரு எபிசோடைச் சொல்ல வேண்டும். மூன்றாவது சீசனின் கடைசிப் பகுதியில் ஆங்கும் அவன் நண்பர்களும் மாறுவேடத்தில் எதிரி நாட்டு நாடகக் கொட்டகைக்குப் போகிறார்கள். மேடையில் நடப்பது அவர்களுடைய சொந்தக் கதை. ஆங் வேடத்தில் ஒரு பெண். அவனைப் பனியிலிருந்து மீட்ட நீர் நாட்டுப் பெண் கடாரா எதற்கெடுத்தாலும் கண்ணீர் விட்டு நம்பிக்கைச் சொற்பொழிவு ஆற்றுகிறாள். அவள் அண்ணன் சாக்காவுக்குச் சாப்பாட்டு நகைச்சுவையைத் தவிர வசனமே இல்லை. ஆங்கைத் துரத்திவந்த நெருப்பு நாட்டு இளவரசன் ஸூகோவின் முகத் தழும்பு தப்பான பக்கத்தில் இருக்கிறது. பார்வையற்ற சிறுமி டோஃப் மட்டும், தன் வேடத்தில் மலைபோல ஒரு ஆள் வந்து நிற்பதில் பரம திருப்தி அடைகிறாள். கண்ணில் பட்டதை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுகிற நாடகம் அது. இந்த எபிசோடு வந்தது 2008இல். இரண்டே ஆண்டில் அது நிஜமாகவே நடந்தது.

மூன்று வடிவங்களையும் ஒப்பிட எனக்குப் பிடித்த இடம் ஆங் பனியிலிருந்து வெளிவருவது. கார்ட்டூனில் மீன் பிடிக்கப் போன படகு உடைந்து, அண்ணனும் தங்கையும் பனித்திட்டில் சிக்கியிருக்கிறார்கள். பெண்பிள்ளையிடம் ஒரு காரியத்தை விட்டால் இப்படித்தான் என்று சாக்கா ஏளனம் செய்கிறான். கடாராவுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அவள் கையை வீசிக் கத்தக் கத்த, அவள் அறியாமலே முதுகுக்குப் பின்னால் பனிமலை பிளக்கிறது. உள்ளேயிருந்து வந்த பையன் கண்ணைத் திறந்து அவளிடம் முதலில் கேட்பது, பெங்குவின் மேல் ஏறிப் பனிச்சறுக்கு விளையாட வருகிறாயா என்பதை. சாக்காவின் ஆண் திமிர், கடாராவின் முன்கோபம், ஆங்கின் பொறுப்பில்லாத விளையாட்டு ஆகிய மூன்று குறைகளும் சில நிமிடங்களில் நம் முன் வந்துவிடுகின்றன. உலகப் போரின் திசை மாறுவதே ஒரு வீட்டுச் சண்டையால். மீதி 60 எபிசோடுகளும் இந்தக் குறைகளோடுதான் மல்லுக்கட்டுகின்றன. புதிய இரண்டிலும் அந்த ஏளனம் இல்லை, அந்தக் கோபம் இல்லை, பெங்குவின் சறுக்குக்கு அழைப்பும் இல்லை. பனி உடைகிறது, பையன் கிடைக்கிறான், அவ்வளவுதான்.

திரைப்படத்தை எடுத்தவர் எம். நைட் ஷியாமளன். புதுச்சேரியின் மாஹேயில் பிறந்தவர், தாய் தமிழர். தன் மகள் ஹாலோவீனுக்குக் கடாரா வேடம் போட வேண்டும் என்று அடம்பிடித்ததில்தான் இந்தக் கார்ட்டூன் தனக்கு அறிமுகமானது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக அவரும் உங்களைப் போல ஒரு தகப்பன்தான். உங்களிடம் 15 கோடி டாலர் இல்லை, அது ஒன்றே வித்தியாசம். ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' முந்திக்கொண்டதால் இந்தப் படத்துக்கு அந்தச் சொல்லே கிடைக்கவில்லை. வெறும் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற பெயரில் வந்தது.

முதல் சீசனின் 20 எபிசோடுகள் ஏறக்குறைய 460 நிமிடம். படம் 103 நிமிடம். குறைக்க வேண்டியதுதான், தவறில்லை. ஆனால் ஷியாமளன் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு மனிதர்களை வைத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு மனிதர்களை விட்டுவிட்டார். வடதுருவ இளவரசி யூவே மீது சாக்கா காதல்கொள்வது கார்ட்டூனில் சீசனின் கடைசி மூன்று எபிசோடுகளில் பரவிக் கிடக்கிறது. தடுமாறுகிறான், உளறுகிறான், அவளுக்கு ஏற்கனவே திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்து நொறுங்குகிறான். படத்தில் கடாராவின் பின்னணிக் குரல் ஒரே வாக்கியத்தில் அவர்கள் உடனே நண்பர்களாகிவிட்டதாகத் தகவல் தெரிவிக்கிறது. பிறகு அவள் உயிர்த் தியாகம் செய்யும்போது நாம் ஏன் கலங்க வேண்டும்?

இந்தப் படத்தில் எனக்கு மறக்கவே முடியாத இடம் சிறைச்சாலை. கார்ட்டூனில் நிலத்தை ஆட்டிவைக்கும் கலைஞர்களை நெருப்பு நாடு நடுக்கடலில் ஓர் இரும்பு மேடையில் அடைத்து வைத்திருக்கும். சுற்றிலும் உலோகமும் நீரும். ஒரு பிடி மண் கிடையாது. அவர்கள் கைதிகளானதற்கு அதுதான் காரணம். கடாரா அவர்களை எழுப்ப வீராவேசமாகப் பேசுகிறாள், ஒருவரும் அசையவில்லை. அந்த மௌனம் எனக்கு மிகவும் பிடிக்கும். நொந்துபோனவர்களைப் பேச்சு எழுப்பிவிடாது என்று சிறுவர் தொடர் ஒன்று துணிந்து காட்டியது. பிறகு அந்த மேடையின் உலையில் எரிக்கும் நிலக்கரியை ஆங்கும் நண்பர்களும் மேலே கொண்டுவந்து கொட்டிய பிறகே சண்டை மூள்கிறது. திரைப்படத்தில் அதே கைதிகள் மலையும் மண்ணும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். காலடியிலேயே மண் இருக்கிறதே என்று ஆங் வந்து நினைவூட்டிய பிறகுதான் அவர்களுக்கு உறைக்கிறது! உடனே ஆறு பேர் வரிசையாக நின்று காலை உதைத்து, கையை வீசி, திரும்பி, குனிந்து ஒரு நடனம் ஆடி முடிக்க, ஒரு பாறைத் துண்டு திரையின் குறுக்கே மெதுவாக மிதந்து போகும். ஆறு பேருக்கு ஒரு கல். கூலிக் கணக்குக்குக்கூடக் கட்டுப்படியாகாது.

நடிகர் தேர்வைச் சுற்றி எழுந்த எதிர்ப்பும் நியாயமானது. முழுக்க ஆசிய, ஆதிகுடிப் பண்பாடுகளிலிருந்து நெய்யப்பட்ட உலகம் அது. படத்தில் நல்லவர்களான மூன்று பிள்ளைகளும் வெள்ளையர்கள். தேவ் பட்டேல், ஆசிஃப் மாண்ட்வி போன்ற இந்திய வம்சாவளி நடிகர்களுக்குக் கிடைத்தது நெருப்பு நாட்டு வேடங்கள். அதே நேரத்தில் பெயர்களை மட்டும் ஆசிய உச்சரிப்புக்கு மாற்றுகிறோம் என்று ஆங்கை 'ஓங்' ஆக்கினார்கள். முகத்தை மாற்றிவிட்டு உச்சரிப்பைக் காப்பாற்றிய விந்தையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உலகெங்கும் சுமார் 32 கோடி டாலர் வசூலித்தும், திட்டமிட்ட அடுத்த இரண்டு பாகங்கள் வரவில்லை. மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுகளில் ஐந்து கிடைத்தன. ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டின் இசையை மட்டும் தனியாகக் கேட்கலாம். படம் வேறு எங்கோ நன்றாக ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

இனி தொடர். நான் பேசுவது முதல் சீசனின் எட்டு எபிசோடுகளைப் பற்றி மட்டுமே. கார்ட்டூனைப் படைத்த இருவரும் 2018இல் இந்தத் திட்டத்தில் சேர்ந்து, கருத்து வேறுபாட்டால் 2020இல் விலகிவிட்டார்கள். ஆல்பர்ட் கிம் பொறுப்பேற்றார். படம் செய்த பிழைகளைத் தொடர் பட்டியல் போட்டுத் திருத்தியிருக்கிறது. நடிகர்கள் ஆசியர்கள், ஆதிகுடியினர். கடாராவாக வரும் கியாவென்டியோ மோஹாக் இனத்தவர். உடைகளும் ஊர்களும் கார்ட்டூனிலிருந்து உயிர்பெற்று வந்தவை போலிருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் வண்டி கவிழ்ந்து "என் முட்டைக்கோஸ்!" என்று அலறும் வியாபாரிக்கு அன்று குரல் கொடுத்த ஜேம்ஸ் சீயையே தேடிப்பிடித்து நடிக்க வைத்திருக்கிறார்கள். அன்று அந்த இரும்புச் சிறையின் அதிகாரிக்குக் குரல் கொடுத்த ஜார்ஜ் டக்கேய், இங்கே முகம் திருடும் கோ என்ற ஆவிக்குக் குரல் தருகிறார். பாசமுள்ளவர்கள் எடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எட்டு எபிசோடுகளும் சேர்ந்து ஏழு மணி நேரத்தை ஒட்டி வருவதால், படத்தைப் போல நேரமில்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது.

அப்படியிருந்தும் பிள்ளைகள் உயிரில்லாமல் இருக்கிறார்கள். என் கணிப்பில் காரணம் ஒன்றுதான்: பிள்ளைகள் தப்பு செய்வதைத் தொடர் பொறுத்துக்கொள்வதில்லை.

சாக்காவின் ஆண் திமிரைக் குறைத்துவிட்டோம் என்று நடிகர்களே பேட்டியில் சொன்னார்கள். கார்ட்டூனில் அந்தத் திமிர் நான்காவது எபிசோடிலேயே அடிவாங்குகிறது. கியோஷித் தீவின் பெண் வீரர்களிடம் தோற்று, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு, அவர்களைப் போலவே பாவாடையும் முகப்பூச்சும் அணிந்து பயிற்சி பெறுகிறான். பார்க்கிற பையன்களுக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டுமா? நோயே இல்லாதவனுக்கு மருந்து கொடுப்பது போல, தொடரில் அந்த வீரர்களின் தலைவி சுகி அவனுக்கு வெறும் காதலியாகிவிடுகிறாள். கடாராவின் பொறாமையும் போய்விட்டது. தான் வருடக்கணக்கில் திணறிய நீர்க்கலையை ஆங் ஒரே நாளில் கற்றுக்கொண்டதும் அவள் அவன் மேல் எரிந்து விழுந்து, கடற்கொள்ளையரிடமிருந்து பயிற்சிச் சுவடியைத் திருடும் கதை பழையதில் உண்டு. தொடரில் ஆங் முதல் சீசன் முழுக்க நீர்க்கலை பயில்வதே இல்லை. அவள் எதற்குப் பொறாமைப்பட?

ஆங்குக்கு நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. கார்ட்டூனின் பன்னிரண்டாவது எபிசோடில் உண்மை தெரிகிறது: தன்னை வளர்த்த குரு கியாட்ஸோவிடமிருந்து பிரித்து அனுப்பப்போகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு, இரவோடு இரவாக அவன் ஓடிப்போனான். உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்ல கியாட்ஸோ அறைக்கு வந்தபோது பையன் இல்லை. ஒருநாள் பொறுத்திருந்தால்? அந்தக் குற்ற உணர்வுதான் அவன் சிரிப்புக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடரில் அவன் ஓடிப்போகவில்லை. மனதை ஆற்றிக்கொள்ளக் கொஞ்ச தூரம் பறந்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லிப் போகிறான், புயலில் மாட்டிக்கொள்கிறான். அது விபத்து. பிறகு எட்டு எபிசோடுகளிலும் ஒருவர் மாற்றி ஒருவர் நீ எங்களைக் கைவிட்டாய் என்று அவனைக் குற்றம் சாட்டுகிறார்கள், அவனும் அழுகிறான். நடந்ததை நாம் பார்த்துவிட்டோமே! அந்தக் கண்ணீர் நம்மேல் ஒட்டவில்லை.

காற்று இனம் அழிவதைத் தொடர் தொடக்கத்திலேயே நேரடியாகக் காட்டுகிறது. மனிதர்கள் தீயில் கருகுகிறார்கள். கார்ட்டூன் காட்டியது ஒரே ஒரு துறவியின் எலும்புக்கூடு. மூன்றாவது எபிசோடில் ஆங் தன் பழைய கோயிலுக்கு ஆசை ஆசையாக வந்து, கியாட்ஸோவின் எலும்புகளைக் காண்கிறான். சுற்றிலும் நெருப்பு நாட்டு வீரர்களின் தலைக்கவசங்கள். சாந்தமே உருவான அந்தத் துறவி கடைசியில் என்ன செய்தார் என்பதை யாரும் விளக்குவதில்லை. எட்டு வயதில் பார்த்தவனுக்கு எலும்புக்கூடு தெரியும். இருபதில் மறுபடி பார்க்கும்போதுதான் தலைக்கவசங்களின் எண்ணிக்கை கண்ணில் படும். தொடரில் எல்லாவற்றையும் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கார்ட்டூனின் முன்னுரை வாசகத்தைக் கடாராவின் பாட்டியம்மா ஆங்கின் எதிரில் உட்கார்ந்து மனப்பாடமாக ஒப்பிக்கும்போது, பள்ளி ஆண்டுவிழா நினைவுதான் வந்தது.

அவசரம் இன்னொரு நோய். வடதுருவத்துக்கு ஆபத்து என்ற முன்காட்சி ஒன்றைக் கொடுத்து ஆங்கை விரட்டுகிறார்கள். நேரம் இருந்தும் தொடர் மூச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம். கார்ட்டூனில் ஐந்தாறு இடங்களில் தனித்தனியாக நடந்த கதைகளை ஓமாஷு என்ற ஒரே நகரத்தில் போட்டு மூட்டை கட்டியிருக்கிறார்கள். பழைய ஆங், உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது பெரிய மீன்மேல் சவாரி செய்ய வேண்டும் என்று வழி மாறிப்போவான். அதனால் ஒரு கிராமம் தீப்பிடிக்கும். அவன் வீணாக்கிய நேரம்தான் அவனுடைய கதை.

என் தொழில் சார்ந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்ட்டூனுக்கு சிஃபு கிசு என்ற தற்காப்புக் கலை ஆசிரியர் வழிகாட்டினார். நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹங்கார், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என்று நான்கு சீனக் கலைகளைத் தேர்ந்தார்கள். பாகுவாவில் எதிரியை வட்டமாகச் சுற்றி வருவார்கள், நேரே மோதமாட்டார்கள். ஆங்கின் குணமே அதுதானே! இரண்டாவது சீசனில் நிலக்கலை கற்க வரும்போது, உருண்டு வரும் பாறையின் எதிரில் நகராமல் நிற்க அவனால் முடிவதில்லை. கால் தானாகவே விலகிவிடுகிறது. காலின் நிலையே பாத்திரத்தின் மனநிலையைச் சொல்லும் இந்த இடத்தை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். திரைப்படத்தில் அசைவுக்கும் விளைவுக்கும் சம்பந்தமே இருக்காது. நடனம் முடிந்து கொஞ்சம் பொறுத்து நீர் எழும். தொடர் இதில் எவ்வளவோ மேல். ஓமாஷு தெருவில் ஆங்கும் ஸூகோவும் மோதும் சண்டையை நானே பின்னுக்கு ஓட்டி மூன்று முறை பார்த்தேன்.

ஸூகோவைப் பற்றிப் பேசும்போதுதான் தொடரை மனமாரப் பாராட்ட முடிகிறது. பழையதில், பயிற்சி முடியாத ஒரு படைப்பிரிவைத் தூண்டில் புழுவாகப் பலிகொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காகத்தான் அவன் தந்தையால் முகம் கருக்கப்பட்டு நாடு கடத்தப்படுகிறான். அந்த 41ஆம் பிரிவு பிறகு என்ன ஆனது என்று கார்ட்டூன் சொல்லவில்லை. தொடர் சொல்கிறது: ஸூகோ இத்தனை நாளாக எரிந்து விழுந்துகொண்டிருக்கும் கப்பல் ஆட்கள்தான் அந்த 41ஆம் பிரிவு. தாங்கள் உயிரோடு இருப்பது யாரால் என்று பெரியப்பா ஐரோ சொல்லித் தெரிந்ததும், மறுமுறை அவன் மேல்தளத்துக்கு வரும்போது வரிசையாக நின்று வணங்குகிறார்கள். ஏனென்று அவனுக்குப் புரிவதில்லை. இது பழைய கதையின் இடுக்கில் முளைத்த புதுக் கிளை. ஐரோவின் மகன் லூ டென்னின் ஈமச்சடங்குக் காட்சியும் அப்படித்தான். ஆறுதல் வார்த்தை சொன்னவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு, சிறுவன் ஸூகோ மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். பின்னணியில் கார்ட்டூனில் ஐரோ மகனை நினைத்துப் பாடிய தாலாட்டின் மெட்டு, சொற்கள் இல்லாமல். அன்று அந்தக் காட்சியை, அப்போது காலமாகியிருந்த ஐரோவின் குரல் கலைஞர் மாகோவுக்குச் சமர்ப்பித்திருந்தார்கள். தெரிந்தவர்களுக்கு இரண்டு துக்கம்.

ஆனால் அக்னி கை என்ற அந்த மானப் போரில் தொடர் சறுக்கிவிட்டது. கார்ட்டூனில் எதிரில் நிற்பது தந்தை என்று கண்டதும் ஸூகோ மண்டியிட்டு அழுகிறான். மண்டியிட்ட பதிமூன்று வயது மகனைத்தான் அந்த மனிதர் தீயால் சுடுகிறார். தொடரில் ஸூகோ சண்டையிடுகிறான், அடிக்க வாய்ப்புக் கிடைத்தும் தயங்குகிறான், அதற்காகத் தண்டிக்கப்படுகிறான். காட்சி விறுவிறுப்பாக இருக்கிறது. கொடுமை பாதியாகிவிட்டது.

உங்கள் மகளுக்கு வருவோம். தொடர் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீக்காட்சிகளை ஒன்பது வயதில் பார்க்க வேண்டியதில்லை. கார்ட்டூனிலிருந்தே தொடங்குங்கள். முதல் இரண்டு எபிசோடுகளையும் ஒரே உட்காரலில் காட்டிவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். நான் என் அக்கா மகனிடம் அந்தத் தவறைச் செய்து, அவன் எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். இரண்டாவது சீசனில் காட்டெருமை அப்பா தொலைந்துபோய்த் தனியாகத் திரியும் எபிசோடு ஒன்று வரும். அன்று மட்டும் அருகில் இருங்கள். மூன்று சீசனையும் முடித்த பிறகு தொடரைக் கேட்டால் மறுக்க வேண்டாம், 41ஆம் பிரிவு வரும் ஆறாவது எபிசோடு வரையிலாவது அவள் பார்க்கட்டும். திரைப்படத்தை அந்தக் கல் மிதக்கும் காட்சிக்காக மட்டும், வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு மழை நாளில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் சீசனின் பதினோராவது எபிசோடில், பெரிய பள்ளத்தாக்கு ஒன்றைக் கடக்கும் கதையில், அவள் கொட்டாவி விட்டால் தாண்டிவிடுங்கள். பின்னாளில் அந்த நாடகக் கொட்டகை எபிசோடில் மேடை ஆங்கும் அதே பள்ளத்தாக்கைப் பார்த்து, வேண்டாம் என்று அதன் மேலாகவே பறந்து போய்விடுவான்.